தி கிங்ஸ் ஸ்பீச் திரைப்படத்தின் தொடர்ச்சிப் பிழைகள்

தி கிங்ஸ் ஸ்பீச் 2010ஆம் ஆண்டில் வெளிவந்த பிரித்தானிய வரலாற்று நாடகத் திரைப்படம் ஆகும். டாம் ஹூப்பர் இயக்கிய இப்படத்திற்கு டேவிட் சைட்லர் திரைக்கதை எழுதினார். திக்குவாயால் துன்புற்ற பிரித்தானிய மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கும், அவருக்குப் பேச்சுப் பயிற்சி அளித்த ஆஸ்திரேலியரான லயனல் லோக்குக்கும் இடையே வளர்ந்த நட்பே இதன் கதை. மன்னராகக் காலின் பெர்த், லோக்காக ஜெப்ரி ரஷ், அரசி எலிசபெத்தாக ஹெலனா பான்ஹாம் கார்ட்டர் ஆகியோர் நடித்தனர்.

வரலாற்றுப் படங்களில் காணப்படும் தொடர்ச்சிப் பிழைகளைப் புரிந்துகொள்ள இப்படம் நல்ல எடுத்துக்காட்டாகும். காட்சிக்குக் காட்சி பார்த்தால் இது கவனமாகச் செய்யப்பட்ட படம். ஆனால் இதன் நிகழ்வுகளை நாட்காட்டியோடு ஒப்பிட்டால் ஆண்டுகள் இடம் மாறியிருப்பதும், ஒரு முக்கியமான ஆண்டு முழுவதுமாக விடுபட்டிருப்பதும் தெரியவரும்.

தொடர்ச்சிப் பிழை என்றால் என்ன

ஒரு திரைப்படத்தின் காட்சிகள் கதை நிகழும் வரிசையில் படமாக்கப்படுவதில்லை. படப்பிடிப்புக்கு இடம் கிடைக்கும் நாள், நடிகர்கள் வரக்கூடிய நாள், செலவு ஆகியவற்றைப் பொறுத்து இறுதிக் காட்சி முதல் வாரத்திலேயே எடுக்கப்படலாம். ஒரே உரையாடல் பல கோணங்களில் மீண்டும் மீண்டும் எடுக்கப்படும். படத்தொகுப்பில் இவை ஒன்றாக இணையும்போது இடையில் ஏற்படும் முரண் தொடர்ச்சிப் பிழை எனப்படுகிறது. ஒரு கோணத்தில் பாதி குடித்திருந்த தேநீர் அடுத்த கோணத்தில் நிறைந்திருப்பது, சுவர்க் கடிகாரம் பின்னோக்கி நகர்வது, மேலங்கிப் பொத்தான் திறந்தும் மூடியும் இருப்பது ஆகியவை இதற்குப் பழகிய உதாரணங்கள்.

இதைத் தவிர்ப்பதற்காகவே படப்பிடிப்பில் ஒருவர் ஒவ்வொரு ஷாட்டிலும் உடை, பொருள், கை அசைவு, வசனம் ஆகியவற்றைக் குறித்து வைப்பார். தமிழ்த் திரையுலகில் பெரும்பாலும் உதவி இயக்குநர்கள் இந்தக் 'கன்டினியூட்டி' வேலையைப் பார்க்கின்றனர்.

அரச குடும்பத்தைப் பற்றிய வரலாற்றுப் படங்களில் இந்தப் பிழைகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. காட்சித் தொடர்ச்சி: அடுத்தடுத்த ஷாட்டுகளுக்கு இடையிலான முரண்.
2. இடத் தொடர்ச்சி: ஒரே இடம் என்று காட்டப்படுவது உண்மையில் வேறு வேறு இடங்களாக இருப்பதால் வரும் முரண்.
3. காலத் தொடர்ச்சி: நிகழ்வுகளின் வரிசை, இடைவெளி, மனிதர்களின் வயது ஆகியவற்றில் வரும் முரண்.

முதல் இரண்டையும் கூர்ந்து பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவர். மூன்றாவதைக் கண்டறிய வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

கதைச் சுருக்கம்

1925ஆம் ஆண்டு வெம்பிளியில் நடந்த பிரித்தானியப் பேரரசுக் கண்காட்சியின் நிறைவு விழாவில் யார்க் கோமகன் ஆல்பர்ட் உரையாற்றுகிறார். ஒலிவாங்கியின் முன் சொற்கள் வராமல் அவர் தடுமாறுவதோடு படம் தொடங்குகிறது. கதை அங்கிருந்து 1934க்குத் தாவுகிறது. பல மருத்துவர்களிடம் முயன்று சலித்த நிலையில், மனைவி எலிசபெத்தின் ஏற்பாட்டில் அவர் லோக்கைச் சந்திக்கிறார்.

1936 சனவரி 20 அன்று தந்தை ஐந்தாம் ஜார்ஜ் இறக்கிறார். அண்ணன் எட்டாம் எட்வர்டு, மணவிலக்குப் பெற்ற அமெரிக்கரான வாலிஸ் சிம்ப்சனை மணப்பதற்காக அதே ஆண்டு டிசம்பரில் முடிதுறக்கிறார். ஆல்பர்ட் விரும்பாமலேயே ஆறாம் ஜார்ஜ் என்ற பெயரில் மன்னராகிறார். 1939 செப்டம்பர் 3 அன்று பிரித்தானியா செருமனி மீது போர் அறிவித்த நாளில், லோக் எதிரே நிற்க, மன்னர் வானொலியில் நாட்டு மக்களுக்கு ஆற்றும் உரையே படத்தின் உச்சக்காட்சி.

காட்சித் தொடர்ச்சியும் திக்குவாயும்

இப்படத்தில் காட்சித் தொடர்ச்சிக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. நாயகனின் பேச்சே தடைபட்டுத் தடைபட்டு வருவது. வழக்கமான வசனத்தை இரண்டு கோணங்களில் எடுத்து எந்த இடத்திலும் வெட்டி ஒட்ட முடியும். திக்கிப் பேசும் வசனத்தில் அது எளிதல்ல. ஒரு கோணத்தில் ஒரு சொல்லில் தடையும் மறு கோணத்தில் வேறு சொல்லில் தடையும் வந்தால் இரண்டும் இணையாது. தடை விழும் எழுத்து, அப்போது தாடையும் தொண்டையும் இறுகும் விதம், மௌனத்தின் நீளம் எல்லாம் பொருந்தி வரவேண்டும். படம் முழுவதும் இந்தச் சீர்மை குலையாமல் இருப்பதற்குப் பெர்த்தின் நடிப்பும் படத்தொகுப்பும் காரணம்.

அரச குடும்பப் படங்களில் பொதுவாகவே கவனம் தேவைப்படும் மற்றொரு பகுதி சீருடை. ஒருவர் அணியும் பதக்கங்களும் பட்டைகளும் பதவிச் சின்னங்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கோமகனாக இருந்தவர் மன்னராகும்போது அவை எல்லாமே மாறுகின்றன. வரிசை மாற்றிப் படமாக்கும்போது இவற்றைக் கணக்கில் வைத்துக்கொள்வது உடை வடிவமைப்பாளருக்குப் பெரும் பணியாகும்.

இடத் தொடர்ச்சி

படத்தில் ஒரே இடமாகத் தோன்றுபவை பல இடங்களில் எடுக்கப்பட்டவை. 1925இன் வெம்பிளி விளையாட்டரங்கு இப்போது இல்லை. அது இடிக்கப்பட்டு 2007இல் அங்கு புதிய அரங்கு திறக்கப்பட்டது. எனவே லீட்சு நகரின் எல்லண்டு ரோடு, பிராட்போர்டு நகரின் ஆட்சல் ஆகிய இரண்டு விளையாட்டரங்குகளில் அந்த ஒரே காட்சி படமாக்கப்பட்டது. கூட்டத்தைக் காட்டுவதற்குக் காற்றடைத்த பொம்மைகளுக்கு இடையில் துணை நடிகர்களை அமர வைத்தனர். மீதியைக் கணினி வரைகலை நிரப்பியது.

வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் படம்பிடிக்க இயலாததால் முடிசூட்டு விழா ஒத்திகைக் காட்சிகள் ஈலி பேராலயத்தில் எடுக்கப்பட்டன. ஈலியின் நடுக்கூடத்திற்கு மேலே ஓவியம் தீட்டிய மரக்கூரை உள்ளது. வெஸ்ட்மின்ஸ்டரில் இருப்பது கல் வளைவுக் கூரை. இரண்டையும் நேரில் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும். பக்கிங்காம் அரண்மனையின் உட்புறமாக லங்காஸ்டர் மாளிகை பயன்பட்டது. லோக்கின் உண்மையான சிகிச்சை அறை ஹார்லி தெருவில் 146ஆம் எண் கட்டிடத்தில் இருந்தது. படத்தில் வரும், சுவர்ப் பூச்சு உதிர்ந்த அந்த அறை போர்ட்லண்டு பிளேசில் உள்ள 33ஆம் எண் வீட்டில் படமாக்கப்பட்டது.

இவை எல்லாம் கதையின் பொருளைப் பாதிக்காத மாற்றங்கள்.

காலத் தொடர்ச்சி

சிகிச்சை தொடங்கிய ஆண்டு

படத்தில் கோமகன் லோக்கை முதன்முதலில் சந்திப்பது 1934இல். உண்மையில் அவர்கள் சந்தித்தது 1926 அக்டோபரில். 1927ஆம் ஆண்டில் கோமகன் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, மே 9 அன்று கான்பெராவில் புதிய நாடாளுமன்றக் கட்டிடத்தைத் திறந்துவைத்து உரையாற்ற வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தை முன்னிட்டே அவர் பயிற்சி பெற்றார். சில மாதப் பயிற்சியிலேயே குறிப்பிடத்தக்க முன்னேற்றம் ஏற்பட்டது; கான்பெரா உரையும் நன்றாக நடந்தது.

படம் இந்தப் பயணத்தை விட்டுவிடுகிறது. சிகிச்சையை எட்டாண்டுகள் தள்ளி வைப்பதால், முதல் சந்திப்பு, முடிதுறப்பு, முடிசூட்டு விழா, போர் எல்லாம் ஒரே ஓட்டத்தில் அடுத்தடுத்து வருகின்றன. மன்னர் பொறுப்பு வரும்போதும் பெரும் தடுமாற்றத்தோடு இருந்த ஒருவர் 1939இல் ஒரே உரையில் வென்றார் என்ற எண்ணம் பார்வையாளருக்கு ஏற்படுகிறது.

திக்குவாய் உள்ளவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. உண்மையான கதையில் பெரிய மாற்றம் தொடக்கத்திலேயே வந்தது. அதற்குப் பிறகும் தடை முற்றிலும் மறைந்துவிடவில்லை. மன்னரான பின்னும் முக்கிய உரைகளுக்கு முன் லோக்குடன் அமர்ந்து, கடினமான சொற்களை மாற்றி, மூச்சுவிடும் இடங்களைக் குறித்து அவர் ஒத்திகை பார்த்தார். ஒரு நாள் வெற்றியைவிட நெடுநாள் பழக்கமே அங்கு நடந்தது.

இளவரசிகளின் வயது

சிகிச்சையின் ஆண்டை மாற்றியதன் விளைவாகக் குழந்தைகளின் வயதிலும் முரண் எழுகிறது. பிற்காலத்தில் இரண்டாம் எலிசபெத் அரசியான மூத்த மகள் 1926 ஏப்ரல் 21 அன்று பிறந்தார். இளையவர் மார்கரெட் பிறந்தது 1930 ஆகஸ்ட் 21. ஆகவே கோமகன் லோக்கைச் சந்தித்தபோது மூத்தவர் ஆறு மாதக் குழந்தை, இளையவர் பிறக்கவேயில்லை. படத்தில், பயிற்சி தொடங்கும் காலத்தில் இருவருமே தந்தையிடம் கதை கேட்கும் சிறுமிகளாக இருக்கின்றனர்.

1934 என்ற படத்தின் சொந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டாலும் சிக்கல் தீர்வதில்லை. அந்த ஆண்டில் எலிசபெத்துக்கு 8 வயது, மார்கரெட்டுக்கு 4 வயது. 1939 செப்டம்பரில் அவர்களுக்கு முறையே 13, 9 வயது ஆகியிருக்கும். ஆனால் படத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை அதே இரண்டு சிறுமிகளே நடித்துள்ளனர். கதையில் ஐந்து ஆண்டுகள் கடந்தும் இளவரசிகள் வளரவில்லை. வரலாற்று நூல் எதையும் புரட்டாமலே படத்திற்குள்ளேயே கண்டுகொள்ளக்கூடிய காலத் தொடர்ச்சிப் பிழை இது.

வேறொரு ஆண்டிலிருந்து வந்த நகைச்சுவை

போர் அறிவிப்பு உரை முடிந்ததும், ஓர் எழுத்தில் இன்னும் திக்கியதாக லோக் சொல்கிறார். பேசியது தான்தான் என்று மக்கள் அறிந்துகொள்ள வேண்டும் அல்லவா என்று மன்னர் வேடிக்கையாகப் பதிலளிக்கிறார். இது லோக்கின் நாட்குறிப்பிலிருந்து பெறப்பட்டது. ஆனால் அந்த உரையாடல் நடந்தது 1944இல், வேறொரு வானொலி உரைக்குப் பிறகு. சொற்கள் உண்மை, நாள் மட்டும் மாறியிருக்கிறது.

லோக்கின் தகுதி பற்றிய நெருக்கடி

முடிசூட்டு விழாவுக்குச் சற்று முன், லோக்குக்கு முறையான பட்டம் எதுவும் இல்லை என்பதைக் கேன்டர்பரி பேராயர் காஸ்மோ லாங் வெளிப்படுத்துவதாகவும், மன்னர் அதனால் அதிர்வதாகவும் படம் காட்டுகிறது. அப்போது லோக் மன்னருடன் பத்தாண்டுகளுக்கு மேல் பழகியவர். பேச்சுச் சிகிச்சையாளர்களுக்கான பிரித்தானியச் சங்கம் 1935இல் தொடங்கப்பட்டபோது அதன் நிறுவனர்களில் ஒருவராகவும் இருந்தார். சந்திப்பு 1934இல் நடந்தது என்று வைத்துக்கொண்டால்தான் இந்த நெருக்கடி நம்பும்படி இருக்கும். ஒரு தேதியை மாற்றியதால் அதைச் சார்ந்து வேறு நிகழ்வுகளையும் புனைய வேண்டியிருந்ததற்கு இது சான்று.

அரசியல்வாதிகளின் நிலைப்பாடு

சர்ச்சில்

முடிதுறப்பு நெருக்கடியின்போது வின்ஸ்டன் சர்ச்சில் ஆல்பர்ட்டின் பக்கம் நின்று ஆறுதலும் ஆலோசனையும் சொல்பவராகப் படத்தில் வருகிறார். உண்மையில் அவர் எட்டாம் எட்வர்டின் ஆதரவாளர். 1936 டிசம்பர் 7 அன்று, மன்னருக்கு மேலும் கால அவகாசம் தரவேண்டும் என்று நாடாளுமன்றத்தில் பேசமுயன்ற அவரை உறுப்பினர்கள் கூச்சலிட்டு அமர வைத்தனர். அவருடைய அரசியல் வாழ்வின் மோசமான நாட்களில் ஒன்றாக அது கருதப்படுகிறது.

பின்னாளில் ஆறாம் ஜார்ஜும் சர்ச்சிலும் நெருக்கமாயினர் என்பது மெய். ஆனால் 1940 மே மாதத்தில்கூட, புதிய பிரதமராக ஹாலிபாக்ஸ் பிரபு வருவதையே மன்னர் விரும்பினார். போர்க்காலத்தில் உருவான நட்பைப் படம் பின்னோக்கி நகர்த்தி 1936இல் வைத்துவிட்டது.

பால்ட்வின்

பிரதமர் ஸ்டான்லி பால்ட்வின், இட்லரைப் பற்றித் தாம் தவறாகக் கணித்துவிட்டதாகவும் சர்ச்சில் சொன்னதே சரி என்றும் ஒப்புக்கொண்டு பதவி விலகுவதாகப் படத்தில் ஒரு காட்சி உள்ளது. 1937 மே 12 அன்று முடிசூட்டு விழா நடந்தது. மே 28 அன்று பால்ட்வின் ஓய்வு பெற்று, பொறுப்பை நெவில் சேம்பர்லினிடம் ஒப்படைத்தார். முடிதுறப்பு நெருக்கடியைத் திறமையாகக் கையாண்டவர் என்ற நற்பெயரோடு அவர் விடைபெற்றார். போர் நெருங்கிய பின் அவர்மீது எழுந்த குற்றச்சாட்டுகளை அவர் வாயிலேயே முன்கூட்டிச் சொல்ல வைக்கிறது திரைக்கதை.

இரண்டு மாடக் காட்சிகள்

படத்தின் காலத் தொடர்ச்சியில் மிகப் பெரிய இடைவெளி 1937க்கும் 1939க்கும் நடுவில் இருக்கிறது. முடிசூட்டு விழாவிலிருந்து கதை நேராகப் போருக்குச் செல்கிறது. 1938ஆம் ஆண்டு இல்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் மியூனிக் ஒப்பந்தம் கையெழுத்தானது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதி இட்லருக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. செப்டம்பர் 30 அன்று நாடு திரும்பிய சேம்பர்லினை மன்னரும் அரசியும் பக்கிங்காம் அரண்மனை மாடத்தில் தங்களோடு நிறுத்தி, கீழே திரண்டிருந்த மக்களின் வாழ்த்தைப் பெறச் செய்தனர். அந்த ஒப்பந்தம் குறித்து நாடாளுமன்றம் இன்னும் விவாதிக்காத நிலையில், அரசியல் சார்பற்றவராக இருக்கவேண்டிய மன்னர் ஒரு கொள்கைக்கு வெளிப்படையாக ஆதரவு காட்டியதாக இது இன்றுவரை விமர்சிக்கப்படுகிறது.

படத்தின் முடிவிலும் ஒரு மாடக் காட்சி உண்டு. 1939 செப்டம்பர் 3 அன்று உரை முடிந்தபின், மன்னர் மனைவி மகள்களோடு மாடத்திற்கு வந்து மக்களுக்குக் கையசைக்கிறார். அன்று அப்படி ஒன்று நடக்கவில்லை. இளவரசிகள் இருவரும் அப்போது இலண்டனிலேயே இல்லை, ஸ்காட்லாந்தில் தங்கியிருந்தனர்.

நடந்த மாடக் காட்சி படத்தில் இல்லை. படத்தில் உள்ள மாடக் காட்சி நடக்கவில்லை. முந்தையதில் மன்னர் சமாதானக் கொள்கையின் ஆதரவாளர். பிந்தையதில் இட்லரை எதிர்த்து நிற்கும் நாட்டின் குரல். எழுத்தாளர் கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ் 2011இல் இப்படத்தைக் கடுமையாக விமர்சித்தபோது, சர்ச்சிலைப் பற்றிய திரிபையும் மியூனிக் பற்றிய மௌனத்தையுமே சுட்டிக்காட்டினார்.

மாற்றங்களுக்கான காரணங்கள்

சைட்லரும் சிறுவயதில் திக்கிப் பேசியவர். போர்க்காலத்தில் ஆறாம் ஜார்ஜின் வானொலி உரைகளைக் கேட்டு, ஒரு மன்னருக்கே இந்தத் தடை இருந்திருக்கிறது என்று ஊக்கம் பெற்றவர். பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கதையை எழுத அவர் விரும்பினார். ஆனால் மன்னரின் மனைவியான அரசித்தாய் எலிசபெத், அந்த நினைவுகள் இன்னும் வேதனை தருவதால் தம் வாழ்நாளில் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் 2002இல் மறைந்த பிறகே பணி முன்னேறியது.

லோக்கின் நாட்குறிப்புகள் அவருடைய பேரனிடம் இருப்பது படப்பிடிப்புக்கு ஏறத்தாழ ஒன்பது வாரங்களுக்கு முன்புதான் படக்குழுவுக்குத் தெரியவந்தது. திரைக்கதையின் கட்டமைப்பு அதற்குள் முடிவாகியிருந்தது. நாட்குறிப்பிலிருந்து வசனங்களையும் நுட்பங்களையும் சேர்த்துக்கொள்ள முடிந்ததே தவிர, கதையின் கால அமைப்பு 1934 என்ற தொடக்கத்திலேயே நின்றது.

நாடக அமைப்பும் ஒரு காரணம். ஏறத்தாழ இரண்டு மணி நேரப் படத்தில், 1926 முதல் 1939 வரையிலான பதின்மூன்று ஆண்டுகளின் மெதுவான முன்னேற்றத்தைக் காட்டுவது கடினம். காலத்தைச் சுருக்குவது வரலாற்றுப் படங்களில் ஏற்கப்பட்ட உரிமை. ஆனால் சிகிச்சையின் ஆண்டை மாற்றுவதும், மன்னரின் அரசியல் நிலைப்பாட்டை மாற்றுவதும் ஒரே எடையுள்ளவை அல்ல. முன்னதற்கு நேர நெருக்கடி காரணமாகலாம். பின்னது, நாயகன் மீது நிழல் விழாமல் பார்த்துக்கொள்ளும் தேர்வு.

வரவேற்பு

சுமார் 80 இலட்சம் பவுண்டு செலவில் தயாரான இப்படம் உலகெங்கும் 40 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் வசூலித்தது. 12 ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்று, சிறந்த படம், இயக்குநர், நடிகர், அசல் திரைக்கதை ஆகிய நான்கு விருதுகளை வென்றது. பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் ஏழைப் பெற்றது. திக்குவாயைக் கேலிக்குரியதாகக் காட்டாமல், அதை அனுபவிப்பவரின் அச்சத்தையும் உழைப்பையும் காட்டியதற்காக, திக்கிப் பேசுவோர் மத்தியிலும் பாராட்டுப் பெற்றது.

மதிப்பீடு

தேநீர்க் கோப்பையும் கடிகார முள்ளும் இடம் மாறுவதைப் பட்டியலிடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. அவை பார்வையாளரின் வரலாற்று அறிவைத் தொடுவதில்லை. காலத் தொடர்ச்சியில் ஏற்படும் பிழை வேறு விதமானது. உடை, அறை, குரல், தடுமாற்றம் எல்லாம் சரியாக இருப்பதால், தேதியும் சரியாகவே இருக்கும் என்று பார்ப்பவர் நம்பிவிடுகிறார். தி கிங்ஸ் ஸ்பீச் படத்தைப் பார்த்த பலருக்கும் சர்ச்சில் முடிதுறப்பின்போது யார் பக்கம் இருந்தார், 1938இல் அரண்மனை மாடத்தில் மன்னரோடு நின்றவர் யார் என்ற கேள்விகளே எழுவதில்லை.

மன்னரின் 1939 உரை ஒலிப்பதிவாக இன்றும் கிடைக்கிறது. படத்தைப் பார்த்தவர்கள் அதையும் கேட்கலாம். நிதானமாக, இடைவெளி விட்டு, சில இடங்களில் மட்டும் தயங்கிச் செல்லும் அந்தக் குரலுக்குப் பின்னால் அப்போதே பதின்மூன்று ஆண்டுகளின் பயிற்சி இருந்தது.